ரேடியேட்டருக்கு ஊற்றிய ஆசிட்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், கதவை நாலு தடவை அறைந்து சாத்துவார்கள். நான் தண்ணீரைப் பார்ப்பேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்தால் போதும். அதுவரை வண்டியை வைத்திருந்தவரின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். தேனி கடைத்தெருவில் பதினெட்டு வருஷமாக மோட்டாரும் குழாயும் சொட்டுநீர்ச் சாமானும் விற்கிறவள் நான். தண்ணீர் எங்கே ஓடும், எங்கே நிற்கும், எங்கே அடம்பிடிக்கும் என்று எனக்குச் சொல்லித்தர இந்த மாவட்டத்தில் ஆள் குறைவு.

அந்தக் காரை என் நாற்பத்தாறாவது வயதில் வாங்கினேன். சிவப்பு, ஜப்பான் வண்டி, இரண்டே இரண்டு சீட்டு. என் மகளைவிட அதற்கு வயது அதிகம். கோட்டயம் பக்கத்து டாக்டர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. சாவியைக் கையில் கொடுக்கும்போது அவர், "சேச்சி, பச்சவெள்ளம் மாத்ரம் ஒழிக்கருது" என்றார். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே, கூலன்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்பது பொருள். அவர் ஊற்றாமல் இருந்திருக்கலாம். அவருடைய டிரைவர் வருஷக்கணக்காக ஊற்றியிருக்கிறார் என்பது விரலை விட்டதுமே தெரிந்தது. நகக்கண்ணில் வெள்ளை உப்பும் செம்மண் மாதிரித் துருவும் வந்தன. அதைக் காட்டியே விலையைக் குறைத்தேன்.

"இந்த வயசுல எதுக்கு இந்தக் கூத்து?" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், எங்கள் சபையில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். பிடித்திருக்கிறது, அதனால் வாங்கினேன் என்று சொன்னேன்.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. இதற்கு என்ஜின் முன்னால் இல்லை. சீட்டுக்குப் பின்னால், நம் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மட்டும் வண்டியின் மூக்கில். இரண்டுக்கும் நடுவே, தரைக்கு அடியில் இரண்டு நீளக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்றில் கொதிக்கிற தண்ணீர் முன்னால் போகும், காற்றில் ஆறிய தண்ணீர் இன்னொன்றில் பின்னால் வரும். தேனியில் மூன்று மெக்கானிக்குகள் இந்த வண்டியிடம் தோற்றுப்போனார்கள். தண்ணீரை மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிஷத்தில் சூட்டு முள் மேலே ஏறிவிடும். என்ஜின் போச்சு, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள். ஹெட்டை நான் ஒருத்தரையும் தொட விடவில்லை.

கிணற்றில் மோட்டாரை வைத்து நாலு வயல் தாண்டித் தண்ணீர் கொண்டுபோகிற எந்த விவசாயிக்கும் இது தெரியும். நீளக் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் எவ்வளவு உறுமினாலும் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாது. அதற்காகத்தான் குழாய் மேடேறுகிற இடத்தில் ஏர் வால்வு வைக்கிறோம். இந்த வண்டியைச் செய்தவனும் விவரமானவன். ரேடியேட்டரின் தலையில் ஒரு சின்னத் திருகும், ஹீட்டர் பக்கத்தில் இன்னொரு திருகும் காற்றை வெளியே விடுவதற்கென்றே வைத்திருந்தான். அவற்றில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயைச் சொருகி, உயரத் தூக்கிக் கட்டி, பின்னால் இருந்து கூலன்டை நிதானமாக ஊற்றினேன். குழாயில் குமிழ் குமிழாகக் காற்று ஏறி வெளியே போனது. குமிழ் நிற்கும்வரை ஊற்றுவதும் நிறுத்துவதுமாக முக்கால் மணி நேரம். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைக்காவிட்டால் அதற்குள் இருக்கிற காற்று வெளியேறாது. சித்திரை மாத வெயிலில், தேனியில், காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரர். ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் வேண்டுமே.

"ஊரு உலகமெல்லாம் ஏசியப் போட்டுக்கிட்டுப் போறாக. நான் மட்டும் இட்லிக் கொப்பரைக்குள்ள உக்காந்துருக்கேன்" என்றார்.

"பேசாம மிதிங்க."

முள் பாதிக்குக் கீழே வந்து நின்றது. அதற்குப் பிறகு அசையவில்லை. அந்த மூன்று மெக்கானிக்குகளுக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருக்கலாம்தான், ஆனால் என்னால் முடியாது.

என் குணம் அப்படி. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமானை வேறு எங்கேயும் வாங்கலாம். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கத்தான் வருகிறார்கள். எத்தனை அங்குலக் குழாய், எத்தனை குதிரைச் சக்தி மோட்டார், ஃபில்டரை எப்போது கழுவ வேண்டும் என்று பட்டுப் பட்டென்று சொல்வேன். சத்தமாகச் சொல்வேன். தப்பாகச் செய்துவிட்டு வந்தால் திட்டுவேன். "அக்கா திட்டுனா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பேரை நான் காசு பணத்தைவிடப் பெரிதாக வைத்திருந்தேன்.

அந்தப் பேரை வைத்துத்தான் ஒரு மனிதரைக் கெடுத்தேன்.

அவர் ஓடைப்பட்டிக்காரர். விதையில்லாத் திராட்சை, இரண்டு ஏக்கர் பந்தல். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் கடைக்கு வருகிற எல்லாரையும் போல என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன், அதில் எங்களுக்குள் வழக்கு கிடையாது. நான் பார்த்த விவசாயிகளில் அவ்வளவு கவனமான ஆள் இன்னொருவர் இல்லை. ஒரு வாஷர் மாற்றவேண்டுமென்றாலும் பழையதைப் பேப்பரில் மடித்துக்கொண்டு வருவார். கேனில் ஒட்டியிருக்கிற சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்க வாசிப்பார்.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். சொட்டுநீர்க் குழாயில் செடிக்குச் சொட்டுவிடுகிற டிரிப்பர்களின் கண்ணை அந்த உப்பு அடைத்துவிடும். அதைக் கரைக்க ஆசிட் விடுவது இங்கே எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். அந்த ஆசிட்டை நான் விற்கிறேன். என்ஜின் ரேடியேட்டரில் உப்பு அடைத்தாலும் அதையே தண்ணீரில் கலந்து விடலாம் என்று யாரோ எப்போதோ சொல்ல, நானும் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் அது என் சொல்லாகவே ஆகிவிட்டது. இந்த அளவு, இருபது நிமிஷம், பிறகு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசு. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

ஓடைப்பட்டிக்காரர் வந்தார். போன வருஷம், ஒரு சந்தை நாளில், கடை நிறைய ஆள். பந்தலுக்கு அடியில் மருந்தடிக்க அவர் ஒரு சின்ன டிராக்டர் வைத்திருந்தார். அதன் ரேடியேட்டருக்கு என் பேச்சைக் கேட்டு ஆசிட் விட்டிருக்கிறார். ஒரு மாதத்தில் ரேடியேட்டர் பொத்தல் பொத்தலாகப் போய், தண்ணீர் வடிந்து, என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. அது நின்றது அடைமழை வாரம். மருந்தடிக்க முடியவில்லை. இலையில் செவட்டை நோய் விழுந்து, ஒரு ஏக்கர் காய் அப்படியே போய்விட்டது. இதை அவர் புகாராகக்கூடச் சொல்லவில்லை. என்ன தப்பாகியிருக்கும் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"அளவு என்ன ஊத்துனீக?"

"நீங்க சொன்னதுதான்க்கா."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். வாட்ச்சப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒருவேளை அந்த ஆசிட்டே..."

ஆசிட் என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குச் சுருக்கென்றது. "அளவும் நேரமும் சரியா இருந்தா ஓட்டை எங்கருந்துண்ணே வரும்? ஊருல அத்தன பேரும் ஊத்துறாக, உங்க வண்டியில மட்டும் ஆசிட்டுக்குப் பல்லு மொளைச்சுருச்சா? கண்ண மூடிக்கிட்டு ஊத்திப்புட்டு இங்கன வந்து ஆசிட்டச் சொல்லாதீக" என்றேன்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு கடைக்கு வரவேயில்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு முள் கிடந்தது. அவர் சொன்னது உண்மையென்றால், என் பேச்சைக் கேட்டு ஒரு ஏக்கர் வெள்ளாமையை இழந்த மனிதரை, அவர்மேலேயே பழியைப் போட்டு ஊர் சிரிக்க அனுப்பியிருக்கிறேன். நான் சொன்னது உண்மையென்றால் ஒன்றுமில்லை. நான் சொன்னதுதான் உண்மை என்று வைத்துக்கொண்டேன். எனக்கு அது சுலபமாக இருந்தது.

இந்த வருஷம் பங்குனியில், போடிமெட்டு ஏற்றத்தில் என் காரின் முள் மெல்ல ஏற ஆரம்பித்தது. காற்று இல்லை, அதை நான் பார்த்துவிட்டேன். மின்விசிறி ஓடுகிறது, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஒழுங்காகத் திறக்கிறது. எங்கள் பக்கத்து ஜீப்காரர்கள் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். நான் அந்த வேலை செய்யமாட்டேன். அது என்ஜின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து, பிறகு ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற கதவு. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: அந்த டிரைவர் ஊற்றிய பச்சவெள்ளத்தின் உப்பு, ரேடியேட்டரின் உள்குழாய்களில் கல்லாகப் படிந்திருக்க வேண்டும்.

"ஊருக்கெல்லாம் ஒரு மருந்து வச்சிருக்கியே, அதை ஊத்திப் பாக்குறது" என்றார் வீட்டுக்காரர். கிண்டலுக்குத்தான் சொன்னார்.

"ஊத்தத்தான் போறேன்" என்றேன். எனக்கு உப்பைக் கரைக்கவும் வேண்டும், ஓடைப்பட்டிக்காரர் தப்பு என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளவும் வேண்டும். அதனால் எல்லாவற்றையும் அவரைப் போலவே செய்தேன். கடையில் இருக்கிற அளவுக் குவளையில் ஒரு சொட்டு கூடாமல் அளந்தேன். போனில் அலாரம் வைத்து, சரியாக இருபதாவது நிமிஷம் திறந்துவிட்டேன். வந்தது தண்ணீரே இல்லை, பழுப்பு நிறக் குழம்பு. மூன்று தடவை அலசச் சொல்வேன், நான் ஐந்து தடவை அலசினேன். புதுக் கூலன்டும், பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, குமிழ் நிற்கும்வரை காற்றெடுத்தேன். மறுநாள் போடிமெட்டில் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் முள் பாதியைத் தாண்டவில்லை.

"பாத்தீகளா?" என்றேன் வீட்டுக்காரரிடம். அவருக்கு எதைப் பார்க்கச் சொல்கிறேன் என்று தெரியாது. மலை நல்லாருக்கு என்றார்.

நாலாவது வாரம் வீட்டு முற்றத்தின் டைல்ஸில் பச்சையாக ஒரு சொட்டு. தொட்டு முகர்ந்தால் இனிப்பு வாடை, கூலன்ட்தான். ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும் என்று இறுக்கினேன். மறுநாள் மூன்று சொட்டு, மூன்றும் வேறு வேறு இடத்தில். அந்த வாரக் கடைசியில் குரங்கணிக்குப் பிரிகிற விலக்குப் பக்கம் வண்டியின் மூக்கு முழுக்க ஆவி அடித்து வண்டியை ஓரங்கட்டினேன். வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ரேடியேட்டரைக் கழற்றினேன். வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

தேனியில் அலுமினிய ரேடியேட்டரைத் தொட்டு வேலை செய்யத் தெரிந்தவர், எனக்குத் தெரிந்து, கம்பம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற ஒருவர்தான். அவர் ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்றை விட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை முத்து முத்தாகக் குமிழ். எனக்குக் குமிழைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும், காற்று வெளியே போகிறது என்று. அன்று எண்ண ஆரம்பித்து, பதினைந்தில் விட்டுவிட்டேன்.

"ஆசிட் கீசிட் ஊத்துனீகளாக்கா?"

"இல்லையே."

யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். நாற்பத்தேழு வயசு, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள், ஒரு ரேடியேட்டருக்காகப் பொய் சொன்னேன்.

"இல்ல, பாத்தா அப்பிடித்தான் இருக்கு" என்றார் அவர், ரேடியேட்டரைத் திருப்பியபடி. "போன வருசம் ஓடைப்பட்டிக்காரர் ஒருத்தர் கொண்டாந்தாரு. சின்ன டிராக்டரோடது. அச்சு அசல் இதே மாதிரி. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டருன்னா ஆசிட்டத் தாங்கிக்கிரும், இப்ப வர்ற அலுமினியம் தாங்காதுய்யா, அளவா ஊத்துனாலும் அரிச்சுரும்னு சொன்னேன். அவரு நம்பல. கடையில அக்கா சரியாத்தான் சொன்னாக, அவகளுக்குத் தெரியாமயா இருக்கும், நாந்தான் எங்கனயோ அளவு தப்பிட்டேன் போலன்னாரு. எந்தக் கடைன்னு கேட்டேன், அதையும் சொல்லல. பாவம், நல்ல மனுசன்."

என் சமையலறையில் அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை மிச்சம் வைத்துவிட்டால் வீட்டை இரண்டாக்குவேன். சட்டி அரித்துவிடும், குழம்பு கெட்டுவிடும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். புளிக்குத் தாங்காத சட்டி ஆசிட்டுக்கு எப்படித் தாங்கும்? கறுப்புப் பெயின்ட் அடித்திருந்த அந்த ரேடியேட்டர் எதனால் ஆனது என்று ஒரு சுரண்டு சுரண்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் தெரியும் என்று இருக்கிறவர்களுக்குச் சுரண்டிப் பார்க்கத் தோன்றாது.

"ஊத்துனேன்" என்றேன். "நாந்தான் ஊத்துனேன். அவருக்குச் சொன்ன கடைக்காரியும் நாந்தான்."

பட்டறைக்காரர் காற்றை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டு, "மதுரையில சொன்னா அளவெடுத்துப் புதுசாச் செஞ்சு குடுப்பாக. பழைய ஹோஸையும் மாத்திருங்கக்கா" என்றார். அந்த நேரத்தில் அவர் வேலையைப் பற்றி மட்டும் பேசியதற்கு இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

புது ரேடியேட்டர் வர பன்னிரண்டு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வந்து, பட்டுச்சேலையை மாற்றிவிட்டு நானே மாட்டினேன். தரைக்கு அடியில் ஓடும் இரண்டு குழாய்களையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல வேளையாக அவை கனமான இரும்பு, ஓட்டை விழவில்லை. எல்லா ஹோஸும் புதுசு, எல்லா கிளிப்பும் புதுசு, ரேடியேட்டர் மூடியும் புதுசு. பழைய மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். பலர் அதைத்தான் கடைசியில் பார்ப்பார்கள், நான் முதலில் பார்ப்பேன். திரும்பவும் கண்ணாடிக் குழாய், திரும்பவும் ஹீட்டர், திரும்பவும் இட்லிக் கொப்பரைக்குள் வீட்டுக்காரர். சாயங்காலம் போடிமெட்டுக்கு ஒரே மூச்சில் ஏற்றினேன். உச்சியில் நிறுத்தி, இறங்கி, வண்டியின் மூக்குக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. முள் வாடகை கொடுத்து உட்கார்ந்த மாதிரி அதே இடத்தில் இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கமாட்டேன். அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்ய ஆள் இல்லை.

இறங்கி வரும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன், நாளைக்கு ஓடைப்பட்டிக்குப் போகிறேன் என்று. எல்லாவற்றையும் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"போன்லயே சொல்லிரலாமே" என்றார்.

"திட்டுனது போன்லயா?"

சின்னமனூரில் இடது பக்கம் திரும்பி ஓடைப்பட்டி போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. அவர் பந்தலுக்கு அடியில், கையில் கத்தரியோடு நெருக்கமான காய்களைக் கழித்துக்கொண்டிருந்தார். சிவப்பு வண்டியையும் அதிலிருந்து இறங்கிய என்னையும் பார்த்தார். வாங்க என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. ஆசிட் அலுமினியத்தை அரிக்கும், நீங்கள் அளவு தப்பவில்லை, நான் சொன்னதுதான் தப்பு, அதைத் தெரியாமல் உங்களைப் பேசியது அதைவிடத் தப்பு, என் வண்டிக்கும் ஊற்றி என் ரேடியேட்டரும் போய்விட்டது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நேரில் வந்து சொல்லிவிட்டோமே என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அவர் இன்னும் இரண்டு கொத்தைக் கழித்தார்.

"அன்னைக்குக் கடையில எத்தன பேருக்கா இருந்தாக?"

"பத்துப் பேரு இருக்கும்."

"எட்டுப் பேரு. அதுல மூணு பேரு எங்க ஊரு. நான் பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கு முந்தி கத ஊருக்கு வந்துருச்சு. ஒரு ஏக்கரு போனதக்கூட விடுங்க. எந் தம்பி இன்னைக்கு வரைக்கும் மருந்துக் கேன எங் கையில குடுக்க மாட்டேங்கறான். அண்ணனுக்கு அளவு தெரியாதுன்னு அவனே கலக்குறான். முப்பது வருசமா இந்தப் பந்தலுக்கு நாந்தான் மருந்து கலக்குனேன்." கத்தரியை இடுப்பில் சொருகினார். "நீங்க அங்கன வச்சுச் சொன்னீக. இப்ப இங்கன வந்து கொடிக்குச் சொன்னா எனக்கு என்னக்கா ஆகப்போகுது?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, வாயைத் திறந்து தப்பு என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் என்ன வேண்டுமாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பந்தலின் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்பது தெரிந்ததால்தான் அந்தக் கோபம்.

"சந்தை நாளைக்கு வாங்கண்ணே" என்றேன். "தம்பியையும் கூட்டிக்கிட்டு வாங்க."

சந்தை நாள் வந்தது. அதற்கு முன்பே கடையில் இருந்த ஆசிட் கேன் ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால், அலுமினியத்துக்கு ஆகாது என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தேன். பத்தரை மணிக்கு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். கடையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், எண்ணிக்கொண்டேன். கல்லாவிலிருந்து எழுந்து, கவுண்டருக்கு வெளியே வந்தேன். உள்ளே நின்று சொன்னால் அது இன்னொரு அறிவுரை மாதிரி ஆகிவிடும்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். என் சத்தம் எல்லாருக்கும் பழக்கம், திரும்பினார்கள். "இந்த அண்ணன் போன வருசம் நான் சொன்ன ஆசிட்டை நான் சொன்ன அளவுல, நான் சொன்ன நேரத்துக்கு அவரு டிராக்டர் ரேடியேட்டருக்கு ஊத்துனாரு. அது அரிச்சு ஓட்டையாப் போச்சு. அவரு எந்தத் தப்பும் பண்ணல. சொன்னதுதான் தப்பு. சொன்னது நான். அத வந்து கேட்ட மனுசன இங்கன வச்சுக் கேவலமாப் பேசுனதும் நான். அவரு கலக்குற அளவுல இந்த மாவட்டத்துல யாரும் குத்தம் சொல்ல முடியாது. தப்ப எம்மேல போட்டுக்கிறேன். மன்னிச்சுக்கங்கண்ணே."

தம்பி அண்ணனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அண்ணன் தலையை ஒருதரம் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது, தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்து நான் கவுண்டருக்குள் போகத் திரும்பினேன்.

"அக்கா."

குழாய் இணைப்புகள் அடுக்கியிருக்கிற பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கோகிலாபுரம் பக்கத்துக்காரர், மாதம் தவறாமல் வருகிற ஆள். "எனக்கும் அதேதான்க்கா ஆச்சு. பவர் டில்லர் ரேடியேட்டர்."

"எப்ப?"

"அதே சமயந்தான். அன்னைக்கு அதச் சொல்லத்தான் கடைக்கு வந்தேன். இவருக்குப் பின்னாடிதான் நின்னேன்." சங்கடப்பட்டுக் கொஞ்சம் சிரித்தார். "நீங்க இவரப் பேசுனதக் கேட்டேன். நம்மளும் அளவு தப்பிட்டோம் போலன்னு, ஒரு எல்போ மட்டும் வாங்கிக்கிட்டுப் போயிட்டேன்."

அந்த எல்போவை, குழாய் திரும்புகிற இடத்தில் மாட்டுகிற சின்ன வளைவை, அவருக்கு விற்றது எனக்கு நினைவில் இல்லை. சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பேன். இன்னும் எத்தனை பேர் இந்தக் கவுண்டருக்கு முன்னால் நின்று, சொல்ல வந்ததைச் சொல்லாமல், ஒரு ரப்பர் வாஷரையோ ஒரு சுருள் டேப்பையோ வாங்கிக்கொண்டு போனார்களோ. ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்று அத்தனை வருஷம் நான் பெருமையடித்ததற்குக் காரணம் என் ஆசிட் இல்லை, என் வாய்.

ஓடைப்பட்டிக்காரர்தான் கவுண்டருக்கு முன்னால் கிடந்த ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"உக்காந்து மொதல்லருந்து சொல்லுப்பா" என்றார். "அக்கா இப்பக் கேப்பாக."